வரப்பும் வழியும்

வரப்பு இரு வயல்களைப் பிரிப்பது, நீரைத் தேக்குவது, உடைமைக்கு எல்லை காட்டுவது. இம்மூன்றும் உழவர் அனைவரும் அறிந்தவை. நான்காவதாக ஒரு பயனும் அதற்கு உண்டு. ஊரார் நடந்து செல்லும் வழியாகவும் அது விளங்குகின்றது. நடவுக்குச் செல்லும் பெண்டிர், கஞ்சிக் கலயம் சுமந்து செல்லும் சிறுமி, பள்ளிக்கு ஓடும் பிள்ளைகள், அடுத்த ஊர்ச் சந்தைக்குப் போகும் முதியவர், சில ஊர்களில் இறுதியாகச் சுமந்து செல்லப்படுபவர் என அனைவர்க்கும் அந்தக் குறுகிய மண்மேடே சாலை. பட்டாவின்படி அம்மண் ஒருவருக்கு உரியது. அதன்மேல் படியும் அடிகளோ பலருடையவை. நிலம் ஒருவருடையதாக இருக்க, அதன்மேல் நடப்பதற்குப் பிறர்க்கு உரிமை உண்டா? அன்றி, நடக்க விடுவது உடையவரின் பெருந்தன்மை மட்டுந்தானா? வினா சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் எண்ணிப் பார்க்குங்கால், உடைமை என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதையே அது தொட்டுவிடுகின்றது.

பிழைப்பை நாடிப் பல நூறு கல் தொலைவு வந்து குடியேறிய தமிழர்களின் சங்க மலரில் வரப்பைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர்கள் கேட்கக்கூடும். நம்மில் பலருக்குச் சொந்த ஊரில் இன்னும் நிலம் இருக்கின்றது. பாகப்பிரிவினையில் வந்த அரை ஏக்கரோ, ஒன்றரை ஏக்கரோ, பங்காளிகளோடு சேர்ந்த கூட்டுப் பட்டாவோ, ஏதோ ஒன்று. அதன் விளைச்சல் நம் அடுப்புக்கு வந்து சேர்வதில்லை; குத்தகையும் ஒழுங்காக வருவதில்லை. ஆனாலும் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் அடுக்குமாடி வீட்டின் பெட்டகத்துக்குள் அந்தப் பத்திரம் பத்திரமாக இருக்கின்றது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஊரிலிருந்து தொலைபேசி வரும். “சித்தப்பா, நம்ம நெலத்து வழியா ஊரே போய்ட்டு வருது. கம்பி வேலி போட்டுடலாமா?” என்று தம்பி மகன் கேட்பான். நம்மில் பெரும்பாலோர் தரும் விடை, “போட்டுவிடு” என்பதே. வேலிக்குப் பணமும் அனுப்பிவிடுவோம். யார் நடக்கிறார்கள், எங்கே போகிறார்கள், எத்தனை காலமாக நடக்கிறார்கள் என்று கேட்பவர் சிலரே. ஆதலால், இவ்வினா ஊரில் இருப்பவர்களைவிட நமக்கே நெருக்கமானது என்பது எம் கருத்து.

முதலில் நிலமுடையவர் பக்கம் நின்று பார்ப்போம். அவர் சொல்வதெல்லாம் கற்பனை அன்று. மழைக்காலத்தில் ஈர வரப்பின்மீது பத்துப் பேர் நடந்தால் வரப்புச் சரியும். நண்டு வளைகளால் ஏற்கெனவே துளைபட்ட வரப்பாயின் ஒரே நாளில் உடைப்பெடுத்துக் கட்டிய நீர் அடுத்த வயலுக்குப் போய்விடும். நடப்பவர்க்குப் பின்னால் ஆடு வரும். ஆட்டுக்குப் பின்னால் மாடு வரும். கடலைக் காலத்தில் போகிற போக்கில் ஒரு செடியைப் பிடுங்கிச் செல்பவர் ஒருவராயின் பொறுக்கலாம். ஊரே அவ்வழிச் சென்றால் ஓரத்து வரிசைகள் மொட்டையாகும். இக்காலத்திலோ வேறு தொல்லைகளும் உள்ளன. சொட்டுநீர்க் குழாயை மிதித்து உடைத்துவிடுவர். இரவில் குடித்துவிட்டுப் புட்டியை வயலில் எறிந்து செல்வர். அதன் சில்லு நாற்று நடும் பெண்ணின் காலில் ஏறும். கைப்பிடிச் சுவரில்லாக் கிணற்றில் வழிப்போக்கர் ஒருவர் தவறி விழுந்தால், காவல்நிலையத்தில் விடை சொல்ல வேண்டியவர் நிலத்துக்காரரே. இன்னும் ஓர் அச்சமும் உண்டு. இன்று கால்தடம், நாளை மிதிவண்டி, மறுநாள் டிராக்டர். ஒரு முழம் கொடுத்தால் எட்டு அடி போய்விடும் என்பது உழவர்கள் கண்கூடாகக் கண்ட உண்மை.

இவற்றை ஒருசேர வைத்துப் பார்த்தால் ஒன்று புலனாகும். இந்த அச்சங்களெல்லாம் சேதத்தைப் பற்றியவை. நடத்தலைப் பற்றியவை அல்ல. சேதத்திற்குச் சேதத்தைத் தடுக்கும் வழிதான் மருந்து. நம் முன்னோர் அதை அறிந்திருந்தனர். ஆடு மாடு புகாமலும் ஆள் புகுமாறும் வேலியில் இடம் விட்டுப் படல் சாத்தி வைத்தனர். பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைக்கப் பட்டி இருந்தது. 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் அதனை அரசின் முறையாகவே ஆக்கியது. ‘பவுண்டு’ என்று ஊரார் வழங்கிய அந்தத் தொழுவங்களைச் சென்ற தலைமுறையினர் நன்கு அறிவர். அங்கே தண்டம் மாட்டுக்காரனுக்கே உரியது. வரப்பில் நடந்து போன வாத்தியாரை யாரும் பவுண்டில் அடைத்ததில்லை!

கொங்கு நாட்டவர் இதற்குக் கண்ட முறை இன்னும் சிறப்பானது. அங்கே தோட்டங்களுக்கு இடையே ‘இட்டேரி’ என்ற தடம் உண்டு. இருபுறமும் கிளுவையும் கள்ளியும் உயிர்வேலியாக நிற்க, நடுவில் மண்தடம் செல்லும். அதில் ஆளும் நடக்கலாம்; வண்டியும் போகலாம்; ஆட்டு மந்தையையும் ஓட்டலாம். வேலி இருப்பதால் பயிருக்குக் கேடில்லை; தடம் இருப்பதால் ஊருக்கு முடக்கமில்லை. வேலியில் கொடிகள் படர்ந்தன. கோவைப் பழத்திற்குக் கிளிகள் வந்தன. மருந்துக்கு வேண்டிய தழைகள் கிடைத்தன. இன்று அவ்வேலிகள் பல இடங்களில் அழிக்கப்பட்டு, தடமும் தோட்டத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டது. உயிர்வேலி போய்க் கல்காலும் கம்பியும் வந்தன. கம்பி வேலி நிலத்தை மட்டும் காக்கும். இட்டேரி நிலத்தையும் காத்தது, நடப்பவரையும் காத்தது.

நிலத்துக்காரர் அச்சத்தில் ஒன்றை மட்டும் நாம் இன்னும் சொல்லவில்லை. அது சட்டத்தைப் பற்றியது. நம் வினாவின் கருவும் அதற்குள்தான் இருக்கின்றது.

வழிநடை உரிமையைப் பற்றி நம் நாட்டில் 1882ஆம் ஆண்டிலேயே வசதியுரிமைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்த பகுதிகளுள் சென்னை மாகாணமும் ஒன்று. ஒருவர் பிறர் நிலத்தின் வழியே அமைதியாகவும் வெளிப்படையாகவும், தமக்கு உரிமை உண்டு என்ற முறையில், இருபது ஆண்டுகள் இடையறாது சென்று வந்தால் அவ்வழி அவர்க்கு உரிமையாகும் என்பது அதன் 15ஆம் பிரிவின் சாரம். ஆனால் உடையவரின் இசைவைப் பெற்று நடந்தவர்க்கு அவ்வாறு உரிமை வளர்வதில்லை. அவர் எத்தனை ஆண்டு நடந்தாலும் இசைவின்மேல் நடப்பவரே.

இதன் விளைவைப் பாருங்கள். ஒருவர் நல்லவர், “போகிறார்கள், போகட்டும்” என்று வாளாவிருக்கிறார். இருபது ஆண்டுகள் கழிந்தபின் வழக்கு மன்றத்தில் அவருடைய பொறுமை அவருக்கு எதிராகவே சான்று சொல்கின்றது. இன்னொருவர் கடுமையானவர், நடந்தவரையெல்லாம் முதல் நாளே விரட்டினார். அவர் நிலம் முழுமையாக அவரிடமே இருக்கின்றது. அன்புக்கு இழப்பும் கடுமைக்கு ஊதியமும் தருவதாக அல்லவா சட்டம் அமைந்துவிடுகின்றது? அதனால்தான் பதினெட்டு, பத்தொன்பது ஆண்டுகள் பேசாதிருந்தவர்கூட, வழக்கறிஞரைக் கண்டு திரும்பிய மறுநாளே வழியில் முள்ளை வெட்டிப் போடுகிறார். இது நம் நாட்டில் மட்டும் உள்ள சிக்கல் அன்று. இங்கிலாந்திலும் இருபது ஆண்டுக் கணக்கு உண்டு. அங்குள்ள நிலக்கிழார்கள் ‘இவ்வழியைப் பொதுவழியாக விட்டுக்கொடுக்கும் எண்ணம் எமக்கில்லை’ என்று வரைபடத்தோடு எழுதி உள்ளாட்சி மன்றத்தில் கொடுத்துவைக்கின்றனர். ஆண்டில் ஒருநாள் மட்டும் வாயிற்கதவைப் பூட்டிவைத்து, மறுநாள் திறந்துவிடும் பழக்கமும் அங்கே உண்டு. ஒருநாள் பூட்டு மற்ற நாள்களின் திறப்பை இசைவாக மாற்றிவிடுகிறது! நகைப்புக்கு உரியதாகத் தோன்றினும், ஒரு வகையில் இது நேர்மையானதே. மனத்தில் உள்ளதை வெளிப்படச் சொல்லிவிட்டு நடக்க விடுகின்றனர்.

அப்படியாயின், “நடந்துகொள்ளுங்கள், ஆனால் இது எங்கள் இசைவு” என்று சொல்லிவிட்டால் சிக்கல் தீர்ந்ததா? பாதி தீர்ந்தது எனலாம். மறுபாதி நடப்பவரிடம் இருக்கின்றது.

இசைவின்மேல் நடப்பது வேறு. உரிமையோடு நடப்பது வேறு. இசைவு என்பது கொடுத்தவர் கையில் உள்ள கயிறு. ஊராட்சித் தேர்தலில் மாற்று அணிக்கு வாக்களித்தால் வழி அடைபடும். பெண் கொடுக்க மறுத்தால் அடைபடும். கூலி கூட்டிக் கேட்டால் அடைபடும். வழியடைப்பு என்பது நம் ஊர்களில் சினத்தின் முதல் ஆயுதம். அடியும் இல்லை, வசையும் இல்லை, நாலு முள் போதும். அதனால் இசைவின்மேல் நடப்பவர் என்றும் சற்றுத் தலை குனிந்தே நடக்க வேண்டியிருக்கின்றது. பேருந்து நிறுத்தத்திற்குக் குறுக்கு வழி என்பதற்காகவோ, மாலைக் காற்றுக்காகவோ நடப்பவர்க்கு இதனால் பெரிய கேடில்லை. அவர் இசைவு கேட்கட்டும்; நன்றி சொல்லட்டும்; மறுத்தால் சுற்றிப் போகட்டும். ஆனால் தம் வயலுக்கும், பிள்ளைகளின் பள்ளிக்கும், குடிநீருக்கும், இடுகாட்டிற்கும் வேறு வழியே இல்லாதவர் மற்றொருவரின் மனநிலையை நம்பி வாழ வேண்டும் என்பது முறையாகாது. தேவை இருக்கும் இடத்தில் வழி என்பது கொடை அன்று, கடன். இவ்விரண்டையும் வேறுபடுத்தாமல், “என் நிலம், என் விருப்பம்” என்று சொல்வதுதான் பிழை என்பது எம் துணிபு.

சட்டமும் இதனை ஒருவாறு உணர்ந்தே இருக்கின்றது. பாகம் பிரித்ததில் ஒரு துண்டுக்கு வழியே இல்லாமற் போனால், மற்றத் துண்டின் வழியே செல்லும் உரிமை தேவையின் காரணமாகவே பிறக்கும் என்று அச்சட்டத்தின் 13ஆம் பிரிவு கூறுகின்றது. இருபது ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். வசதியுரிமை என்பது நிலத்துக்கு நிலத்தின்மேல் உள்ள உரிமை. ஒரு நிலத்தைத் துய்ப்பதற்காக மற்றொரு நிலத்தின் வழியே செல்வது. நிலமே இல்லாதவர்க்கு? ஏழு தலைமுறையாக அவ்வரப்புகளில் நடந்து, அவற்றை வெட்டிக் கட்டியவர்களுமான கூலி மக்கள், ‘எந்த நிலத்தின் பொருட்டு நீ வழி கேட்கிறாய்?’ என்ற வினாவின்முன் நிற்க முடிவதில்லை. அவர்கள் ஊர் வழக்காறு, பொதுவழி என்ற வேறு வாயில்களைத் தட்ட வேண்டும். அவ்வழக்காற்றைச் சட்டம் அழித்துவிடவில்லை என்பது உண்மையே. ஆனால் அதை மெய்ப்பிக்க ஆவணம் வேண்டும், சாட்சி வேண்டும், சாட்சி சொல்ல வேண்டியவரோ நிலத்துக்காரரிடம் நாளைக்கும் கூலிக்குப் போக வேண்டியவர்.

2019ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அன்றைய வேலூர் மாவட்டத்தில், வாணியம்பாடிக்கு அருகிலுள்ள நாராயணபுரத்தில் நிகழ்ந்ததை அன்பர்கள் பலர் நாளேடுகளில் படித்திருப்பர். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர் இறந்துபோனார். ஈமக்கடன் செய்யும் இடம் பாலாற்றங்கரையில் இருந்தது. இடையே இருந்த நிலங்களுக்கு வேலி இடப்பட்டிருந்தது. உறவினர்கள் சடலத்தைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினர். அக்காட்சியை நாடே கண்டது. சென்னை உயர் நீதிமன்றம் யாரும் வழக்குத் தொடுக்காமலே தானாக முன்வந்து அதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

வேலி போட்டவர்களைக் கேட்டால், பயிர் என்பார்கள், பாதுகாப்பு என்பார்கள், நம் பட்டா என்பார்கள். நாம் மேலே நிலத்துக்காரர் பக்கம் நின்று சொன்ன அத்தனையும் அங்கேயும் சொல்லலாம். ஆகவேதான் சொற்களை மட்டும் கேட்டு எதையும் தீர்க்க இயலாது. ஒரு சோதனை உண்டு. அதே வரப்பில் தம் சம்பந்தியின் சவம் வந்தால் அந்த வேலி திறக்குமா? திறக்குமாயின், மறித்தது பயிருக்காக அன்று, நடப்பவருக்காக. பயிர்மேல் பழி போட்டுச் சாதியைக் காக்கும் வேலிகள் நம் நாட்டில் எத்தனையோ! பயிருக்கு நடப்பவரின் குலம் தெரியாது. ஒரே அளவாகத்தான் மிதிபடும். நிலவுடைமையைப் பற்றி எத்தனை நியாயம் பேசினாலும், இந்தச் சோதனையில் தேறாத வேலிக்கு நாம் எந்த நியாயமும் காணவில்லை.

மேலை நாட்டாரும் இவ்வினாவோடு போராடியவர்களே. அவர்களில் பலர் நடந்தது தேவைக்காக அன்று, நல்ல காற்றுக்காக. 1932ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் மான்செஸ்டரை அடுத்த ஆலைத் தொழிலாளர்கள் உள்ளிட்ட சில நூறு பேர், பறவை வேட்டைக்காக அடைத்து வைக்கப்பட்டிருந்த கிண்டர் ஸ்கௌட் என்ற மேட்டுநிலத்தில் தடையை மீறி ஏறினர். ஐவர் சிறைப்பட்டனர். அந்நிலம் டெவன்ஷயர் கோமகனின் குடும்பத்துக்கு உரியது. எழுபது ஆண்டுகள் கழித்து, 2002ஆம் ஆண்டில், அக்குடும்பத்தின் கோமகன் அவ்விடத்திலேயே மக்கள் முன்னிலையில் தம் முன்னோர் செய்கைக்கு வருத்தம் தெரிவித்தார். ஆனால் எம்மை மிகுதியும் கவர்ந்தது போராட்டம் அன்று. அந்நாட்டு உழவர்க்கு விதிக்கப்பட்டுள்ள ஒரு சிறு கடமை. வயலின் குறுக்கே பொது நடைவழி செல்லுமாயின், உழவர் அதை உழுது விதைக்கலாம். ஆனால் முதல் உழவுக்குப் பின் பதினான்கு நாள்களுக்குள் ஒரு மீட்டர் அகலத்திற்கேனும் வழியை மீண்டும் நிலத்தில் தெரியுமாறு செய்து தர வேண்டும். வயலோரமாகச் செல்லும் வழியையோ உழவே கூடாது. பால்மாட்டு இனத்துக் காளை பத்து மாதத்துக்கு மேற்பட்டதாயின், வழியுள்ள வயலில் அதை விட்டுவைக்கக் கூடாது. காளையின் வயது வரை கணக்கிட்டிருக்கிறார்கள் பாருங்கள்! நடப்பவர்க்கும் கட்டுப்பாடு உண்டு. அவர் வழியை விட்டு விலகிப் பயிரில் இறங்கக் கூடாது. ஸ்வீடன் நாட்டில் யார் நிலத்திலும் நடக்கும் உரிமை 1994ஆம் ஆண்டு முதல் அரசமைப்பிலேயே இடம் பெற்றுள்ளது. அங்கும் விளைபயிரின்மேல் மிதிப்பதற்கும் வீட்டு முற்றத்தில் நுழைவதற்கும் உரிமை இல்லை. உழவும் நடையும் ஒரே மண்ணில் வாழலாம் என்பதற்கு இவை போதிய சான்று.

இனி, நம் ஊர் நிலங்களின் அமைப்பையே ஒருமுறை மனக்கண்ணில் கொண்டு வருவோம். சாலையை ஒட்டி ஒரு நிலம். அதன் பின்னால் ஒன்று. அதற்கும் பின்னால் ஒன்று. ஏரிப்பாசனப் பகுதியில் இப்படிப் பத்து, பதினைந்து நிலங்கள் அடுத்தடுத்து இருக்கும். கடைசி நிலத்துக்காரர் தம் வயலுக்குப் போக மற்றவர் வரப்புகள் அனைத்திலும் நடக்கிறார். நடு நிலத்துக்காரர் ஏழு வரப்பில் நடக்கிறார். ஒருவர்மீது ஒருவர் நடந்துதான் ஒவ்வொருவரும் தத்தம் உடைமையை அடைகின்றனர். எனவே ‘என் நிலம்’ என்ற சொல்லுக்கு உள்ளேயே பிறர் விட்ட வழி அடங்கியிருக்கின்றது. யாருடைய வரப்பையும் மிதிக்காமல் தம் நிலத்தை அடையக்கூடியவர் ஒருவரே. அவர் சாலையை ஒட்டிய நிலத்துக்காரர். முதலில் வேலி போடுபவரும் பெரும்பாலும் அவராகவே இருக்கிறார். பிறர் உதவி தேவைப்படாத இடத்தில் பிறர் தேவை கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஊரை விட்டு வந்த நாமும் ஒரு வகையில் சாலையோர நிலத்துக்காரரைப் போன்றவர்களே. நம் நிலத்தை அடைய நாம் யார் வரப்பிலும் நடப்பதில்லை. அஞ்சலிலும் தொலைபேசியிலும் அதை அடைந்துவிடுகிறோம். அங்கே வாழும் உழவர், காலையில் தம் வரப்பில் எதிர்ப்படுபவரின் முகத்தைப் பார்க்கிறார். மாலையில் அவருடைய வரப்பில் தாம் நடக்கிறார். நமக்கோ முகம் இல்லை. நிலத்தின் பரப்பும், அதன் சந்தை விலையும், ‘ஊரே நடக்கிறது’ என்ற செய்தியும் மட்டுமே உள்ளன. வழி என்பது நமக்குக் குறைந்துபோன பரப்பாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் இதே நாம், பெருநகரங்களில் அடுத்த குடியிருப்பினர் இரவு பத்து மணிக்கு இரும்புக் கதவைப் பூட்டிவிட்டதால் தொடர்வண்டி நிலையத்திலிருந்து அரைக் கல் தொலைவு சுற்றி வர நேர்ந்தால், சங்கக் கூட்டத்தில் எவ்வளவு உருக்கமாகப் பேசுகிறோம்! வள்ளுவர் ஈகைக்கு முன்னதாக ஒப்புரவறிதல் என்று தனி அதிகாரமே வகுத்தார். ஈகை கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது; ஒப்புரவோ ஊரோடு ஒத்து வாழ்வதால் வரும் கடமை. வரப்பில் வழி விடுவதை நாம் ஈகைக் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறோம். அது ஒப்புரவுக் கணக்கில் சேர வேண்டியது.

ஆகவே அடுத்த முறை ஊரிலிருந்து தொலைபேசி வரும்போது, வேலிக்கு எவ்வளவு ஆகும் என்பதற்கு முன் சிலவற்றைக் கேட்கலாம். நடப்பவர் யார்? அவர்க்கு வேறு வழி உண்டா? புலப்படத்தில் வழி காட்டப்பட்டிருக்கிறதா? வேலி போடத்தான் வேண்டுமென்றால், வரப்போரம் நாலடி விட்டு உள்ளே தள்ளிப் போட முடியாதா? குறுக்கு வழிக்காக மட்டும் நடப்பவராயின், ஓரமாக நடக்கச் சொல்லி இசைவு தரலாம். அதை எழுத்தில் வைத்துக்கொண்டால் இருபது ஆண்டு அச்சமும் இராது. வேறு வழியற்றவராயின், இசைவோடு நின்றுவிடாமல் அகலமும் திசையும் குறித்துப் பாத்தியமாகவே எழுதிப் பதிவு செய்துவிடலாம்.

இது விற்பனை நேரத்தில் இன்னும் இன்றியமையாதது. ஊர் நிலத்தை இன்று நம்மில் பலர் விற்று வருகிறோம். வாங்குபவர் மனைகளாகப் பிரிப்பவர். அவர்க்கு வரப்பும் தெரியாது, அதில் நடந்தவரும் தெரியாது. பழைய பத்திரங்களில் ‘மாமூல் வழித்தட பாத்தியம் உட்பட’ என்ற தொடர் தவறாமல் இருக்கும். எழுதியவர்க்கும் எழுதிக்கொண்டவர்க்கும் அத்தடம் எந்த வேப்பமரத்தருகே திரும்புகிறது என்பது தெரிந்திருந்தது. இப்போதைய பத்திரங்களிலும் அத்தொடர் எழுதுவோரின் கைப்பழக்கத்தால் வந்துகொண்டுதான் இருக்கிறது. தடம் எது என்று கேட்டால், காட்டுவதற்கு ஆள் இல்லை.